காலியாக இருக்க வேண்டிய மூலை

இழுப்பறையை மூடிய பிறகுதான், இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது மங்கைக்கே தெரிந்தது. உள்ளே அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு சின்னக் குழாய். குழாய்க்குள் அவளுடைய ரத்தம், இடது கை மோதிர விரலைக் குத்திப் பிழிந்தெடுத்த சில சொட்டுகள், அதோடு கலந்த சாயம் ஏற்றிய ஆன்டிபாடி. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துப் போகும், அதனால் இருட்டில் வைக்க வேண்டும், ஆன்டிபாடி அணுக்களின் மேல் ஒட்டும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தச் சும்மா உட்காரும் நேரத்தில்தான் இத்தனை வருஷமும் அவள் டீ குடித்தாள், அம்மாவோடு பேசினாள், கூடப் படிக்கும் ஜெனோவாவோடு சேர்ந்து வத்சலா மேடத்தின் நடையைக் கிண்டல் செய்தாள். இன்றைக்கு விரலை வாயில் வைத்துக்கொண்டு இழுப்பறையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேஸ்மென்ட் அறை, ஜன்னல் கிடையாது, மெஷினுக்காக ஏசி எப்போதும் குளிராக ஓடும், வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு ஒவ்வொன்றையும் திரையில் ஒரு புள்ளியாகப் போடும் மெஷின் அது. ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தை விட்டால் திரையில் மூன்று கூட்டங்கள் தெரியும், மேலே பெரிது, நடுவில் கொஞ்சம், வலப்பக்கம் கீழே அடர்த்தியாக ஒன்று. இடப்பக்கம் கீழ் மூலை மட்டும் காலியாக இருக்கும். காலியாக இருக்க வேண்டும். அது குஞ்சு அணுக்களின் இடம், அவை எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இருந்து வளர்ந்து ஆளான பிறகுதான் ரத்தத்துக்கு வர வேண்டும். மத்தியானம், "ஒன்று" என்று எழுதிய குழாயை மெஷினில் விட்டபோது அந்த மூலையில் ஈ மொய்த்த மாதிரி புள்ளிகள் வந்து விழுந்தன. மெஷின் கோளாறு என்று நினைத்தாள். கழுவினாள், மறுபடி விட்டாள், வந்தது. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று நினைத்தாள். புது பாட்டில் திறந்து மறுபடி சாயம் ஏற்றி விட்டாள், வந்தது. இரண்டு என்று எழுதிய குழாயை விட்டாள். அதில் மூலை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம் நினைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ரத்தப் புற்றுநோய் என்ற சொல்லை அவள் மனசுக்குள்கூடச் சொல்லவில்லை, சுற்றிச் சுற்றி அதன் பக்கத்திலேயே நின்றாள்.

ஒன்று அவள், இரண்டு ஜெனோவா. எப்போதும் அப்படித்தான். காவல் அணுக்களே சொந்த உடம்பைக் கடிக்கும் நோய் வந்தவர்களின் ரத்தத்தை ஆராய்கிற லேப் இது. நோயாளி ரத்தத்தோடு ஒப்பிட, கன்ட்ரோல் என்று, நல்ல ரத்தம் வேண்டும், அதற்கு யார் போய்த் தெருவில் ஆள் பிடிப்பது, அதனால் மாணவர்களே ஒருவருக்கொருவர் ஊசி குத்தி எடுத்துக்கொள்வார்கள். பாதி நாள் நூடுல்ஸ், மீதி நாள் பட்டினி, தூக்கம் எப்போதாவது, இந்த லட்சணத்தில் இருக்கிற இவர்கள்தான் உலகத்துக்கு ஆரோக்கியத்தின் அளவுகோல். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளி சாம்பிள்கள் நாளைக்குத்தான் வருகின்றன. இன்றைக்கு மெஷினைச் சரிசெய்து வைக்க இவர்கள் இரண்டு பேர் ரத்தம் மட்டும்தான். காலையில் ஜெனோவா கையில் மங்கை பட்டை கட்டி ரத்தம் எடுத்தாள், மங்கை கையில் ஜெனோவா எடுத்தாள், ஊதா மூடி போட்ட இரண்டு குழாய்கள், இரண்டிலும் மார்க்கரால் எண். குழாய்களை வேலை செய்யும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைப்பதற்கு முன் ஆல்கஹால் அடித்துத் துடைக்க வேண்டும், அது கிருமிக்காக, அனிச்சையாகக் கை செய்யும் வேலை. அடித்தாள், துடைத்தாள், கையுறையில் நீலமாக ஏதோ ஒட்டியது. எண் போய்விட்டது. இரண்டிலும் போய்விட்டது. ஆல்கஹால் பட்டாலும் போகாத மார்க்கரை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள், கையில் கிடைத்த சாதாரண மார்க்கரால் எழுதியிருந்தாள். இந்த லேப்பில் சேர்ந்த முதல் வாரமே எல்லாரும் செய்கிற தப்பு, செய்து திட்டு வாங்கி மறந்துபோகிற தப்பு, மங்கை மட்டும் செய்யாத தப்பு. அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை. இடப்பக்கம் இருந்தது தன்னுடையது என்று தெரியும். ஸ்டிக்கரில் ஒன்று என்று எழுதி இடது குழாயில் ஒட்டினாள், இரண்டு என்று எழுதி வலது குழாயில் ஒட்டினாள், முடிந்தது. இடது. ஆனால் யாருக்கு இடது? அவள் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றாள், ஜெனோவா அந்தப் பக்கம். குழாய்களை ஸ்டாண்டில் வைத்தது ஜெனோவாவா, தானா? தன் ரத்தத்தை எடுத்தது ஜெனோவா, அப்படியென்றால் தன் குழாயை வைத்தது ஜெனோவா. அவள் வைத்திருந்தால் அவளுக்கு இடப்பக்கமா, எனக்கு இடப்பக்கமா? அப்புறம் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கூண்டுக்குப் போனது நான். போகும்போது திருப்பினேனா? கதவைத் தோளால் தள்ளினேன். தோளால் தள்ளினால் உடம்பு திரும்பும். உடம்பு திரும்பினால் ஸ்டாண்ட் திரும்புமா, அல்லது உடம்போடு சேர்ந்தே திரும்புவதால் திரும்பாத மாதிரியா? நாற்காலியிலிருந்து எழுந்து, இல்லாத ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இல்லாத கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தாள். எதுவும் தெளியவில்லை, இதற்குத்தான் விரலைக் குத்திப் புதுக் குழாய் எடுத்தது. யாராவது பார்த்தால் பிள்ளைக்குக் கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

தொடையில் ஒரு கன்றிய தடம் இருந்ததே. போன வாரம் குளிக்கும்போது பார்த்தாள், பச்சையும் மஞ்சளுமாக, எங்கே இடித்துக்கொண்டோம் என்று யோசித்துவிட்டு மறந்துபோனாள். இப்போது அது ஞாபகத்தில் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது, எப்போது, தீபாவளிக்கு முன்னாடியா, பிரஷ் புதுசு என்று நினைத்தோம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எல்லாருக்கும் வாங்கும், லிஃப்ட் இல்லாத ஹாஸ்டல், நாலாவது மாடி. ஆனால் போன வருஷம் வாங்கியதா? கழுத்தைத் தடவிப் பார்த்தாள், தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால். ஒரு சின்ன உருண்டை கையில் தட்டுப்பட்டது, மறுபக்கம் தடவினால் அங்கேயும் அதே மாதிரி ஒன்று இருந்தது, அது பிறவியிலேயே இருக்கிற ஏதோ எலும்பு. ஐந்து வருஷம் உடம்பின் காவல்படையைப் பற்றிப் படித்திருக்கிறாள். எந்த அணு எதைத் தின்னும், எது எதற்குச் சொல்லி அனுப்பும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். தன் கழுத்தில் இருப்பது எலும்பா கட்டியா என்று தெரியவில்லை. அருப்புக்கோட்டையில் அப்பா இந்நேரம் எந்தக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருப்பாரோ. மின்வாரியத்தில் லைன்மேன், மழை பெய்தால் அவருக்குத் தலைக்கு மேல் வேலை, போன் அடித்தால் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எடுத்து, "சொல்லுத்தா, கம்பத்துல இருக்கேன்" என்பார். அந்தக் கம்பத்தில் இருக்கும்போது இதைச் சொல்ல முடியாது. இறங்கச் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். இறங்குப்பா, முதல்ல கீழ இறங்கு என்றால் அந்தக் குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் கை நழுவும். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தனக்காக இல்லை, விழப்போகிற அப்பாவுக்காக, இன்னும் விழாத அப்பாவுக்காக. அம்மா என்ன செய்வாள் என்பதை நினைக்கவே பயந்து, நினைப்பை அந்தப் பக்கம் போகவிடாமல் இழுத்துப் பிடித்தாள். முடி கொட்டும். அது ஒரு பெரிய விஷயமா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள், ஆனால் கை தானாகப் பின்னலைப் பிடித்துக்கொண்டது.

போன் அடித்தபோது துள்ளி விழுந்தாள். வத்சலா மேடம். மங்கையின் கைடு, நல்லவள்தான், ஆனால் எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டாள், பதில் சொல்லவும் நேரம் கொடுக்க மாட்டாள். "என்னம்மா மங்கை, மெஷின் செட்டிங் முடிச்சாச்சா? நாளைக்குப் பத்துப் பேர் சாம்பிள் வருது, காலங்காத்தால வந்துடும். கன்ட்ரோல் கிளீனா வந்துதா?" மங்கை போனை மறு காதுக்கு மாற்றினாள். ஒரு குழாய் கிளீன் மேடம், இன்னொன்று கிளீன் இல்லை. இதை இப்படியே சொல்லிவிடலாம். சொன்னால் மேடம் யாருடையது என்று கேட்பாள். என்னுடையது என்றோ, தெரியவில்லை என்றோ சொல்ல வேண்டும். இரண்டில் எதைச் சொல்வது? "ஒண்ண மட்டும் ரிப்பீட் பண்ணிட்டிருக்கேன் மேடம்." "ரிப்பீட்டா? நீயா?" மேடம் சிரித்தாள். "ஒரு தப்பும் வராதே உன்கிட்ட. சரி சரி, ஜெனோவாவையும் கூட வச்சுக்கோ, தனியா கஷ்டப்படாத." வைத்துவிட்டாள். ஒரு தப்பும் வராது. ஊரில் எட்டாவது படிக்கும்போது கணக்கு டீச்சர் சொன்னது, கல்லூரியில் சொன்னது, இங்கே வந்த பிறகு எல்லாரும் சொல்வது. இந்தப் பேரை வாங்க அவள் எவ்வளவு பாடுபட்டாள். பைப்பெட் பிடிக்கும் விரல் காய்த்துப் போயிற்று. இன்றைக்கு முதல் தடவையாக மங்கை தன்னிடம் ஒரு தப்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். சாமி பேர் எதுவும் சொல்லவில்லை, யாரையென்று கூப்பிடுவது என்று தெரியாமல் பொதுவாக வேண்டினாள். நான் மாத்தி ஒட்டியிருக்கணும். நான் ஸ்டாண்டைத் திருப்பியிருக்கணும். நான் முட்டாளா இருந்திருக்கணும். கவனமில்லாதவள், சோம்பேறி, லாயக்கில்லாதவள், ஆராய்ச்சிக்கே தகுதியில்லாதவள் என்று மேடம் எல்லார் முன்னாலும் திட்டினாலும் பரவாயில்லை, தப்பு மட்டும் நடந்திருக்கணும். வேண்டுதல் சரளமாக வந்தது. கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. தப்பு நடந்திருந்தால் ஒன்று என்ற குழாய் தன்னுடையது இல்லை. ஒன்று தன்னுடையது இல்லை என்றால்.

நினைப்பு அங்கே நின்றது. முள் குத்தினால் கால் நிற்கிற மாதிரி நின்றது. குழாய்கள் இரண்டுதான். மூன்றாவது ஆள் கிடையாது. இவ்வளவு நேரம் இதை அவள் யோசிக்கவே இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மையிலேயே யோசிக்கவில்லை. பயம் வந்தால் மனுஷிக்குத் தன் தோலுக்கு வெளியே உலகம் இருப்பது மறந்துபோகிறது. ஜெனோவா. நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் கடற்கரை ஊர், பேசினால் பாதி புரியாது, முதல் மாதம் மங்கை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியே சமாளித்தாள். ஹாஸ்டலில் ஒரே அறை. இருக்கிற ஒரு நல்ல போர்வையை மங்கைக்குக் கொடுத்துவிட்டு, எனக்குக் குளிராது மக்கா என்று துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு படுக்கிறவள். இல்லை, நான் அப்படி வேண்டவில்லை என்றாள் மங்கை மனசுக்குள், தப்பு நடக்கணும் என்றுதான் வேண்டினேன், அவளுக்கு என்று வேண்டவில்லை. ஆனால் மனசு ஏற்கெனவே வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது. ஜெனோவாவுக்குத்தானே இரண்டு மாதமாக அசதி? மீட்டிங்கில் தூங்கி வழிந்தாளே. முகம் வெளுத்திருக்கிறது என்று நான்தானே சொன்னேன், வெள்ளையாயிட்டேன் பாத்தியா என்று சிரித்தாளே. ஜுரம் வந்து வந்து போனதே, ஹாஸ்டல் தண்ணீர் என்றோமே. மூக்கில் ரத்தம் வந்தது அவளுக்குத்தான், எனக்கில்லை, வெயில் சூடு என்று மோர் வாங்கிக் குடித்தாள். காலையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தியும் நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தது யாருக்கு? அவளுக்கு. என்னுடையது உடனே நின்றது. ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க மங்கையின் நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. கோர்ட்டில் வக்கீல் சாட்சிகளை அடுக்குகிற மாதிரி அவள் தன் தோழிக்கு எதிராக அடுக்கினாள், அடுக்கி முடித்துப் பார்த்தபோது வழக்கு ஜெயிக்கும் போல இருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஜெனோவாவின் அம்மா போனில் எப்போதும் மங்கையிடம் கடைசியாக ஒன்று சொல்வாள்: "எனக்க பிள்ளைய பாத்துக்கோ மக்களே, அவளுக்கு ஒரு கூறும் கெடையாது." பார்த்துக்கொள்கிறேன் அம்மா. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இவ்வளவும் பார்த்தேனே, ஒருநாளாவது டாக்டரிடம் கூட்டிப் போனேனா?

ஆறாவது படிக்கும்போது ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட வேன் கண்மாய்க் கரையில் கவிழ்ந்துவிட்டது என்று ஊருக்குள் சேதி வந்தது. எந்தப் பள்ளிக்கூடம் என்று யாருக்கும் தெரியவில்லை, மஞ்சள் வேன் என்றார்கள், எல்லா வேனும் மஞ்சள்தான். மங்கையின் அம்மா அடுப்பில் பால் பொங்குவதை விட்டுவிட்டு ஓடினாள், செருப்பில்லாமல் ஓடினாள், பக்கத்துத் தெரு ராஜாமணி அத்தையும் கூட ஓடினாள். கரையில் போய்ப் பார்த்தால் கவிழ்ந்தது மங்கையின் வேன் இல்லை. இதை அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், சொல்லும்போதெல்லாம், "நம்ம வண்டி இல்லன்னு தெரிஞ்சதும் அப்படியே மண்ணுல உக்காந்து கும்புட்டேன்" என்று முடிப்பாள். பக்கத்தில் ராஜாமணி அத்தை என்ன செய்தாள் என்று மங்கை ஒருநாளும் கேட்டதில்லை. அத்தையின் பிள்ளை அந்த வேனில்தான் போய்க்கொண்டிருந்தான், பிழைத்துவிட்டான், ஆனால் ஒரு கால் போயிற்று. அம்மா மண்ணில் உட்கார்ந்து கும்பிட்டபோது அத்தை அவளைப் பார்த்திருப்பாளா? அம்மா கெட்டவள் இல்லை. அந்தப் பையனுக்கு ஒரு வருஷம் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனாலும் முதலில் கும்பிட்டாள். எல்லாரும் முதலில் கும்பிடத்தான் செய்வார்களோ, அதற்கப்புறம்தான் மனுஷராவார்களோ? காவல் அணுக்களுக்குக்கூட முதல் பாடம் இதுதானே, எது நான், எது நான் இல்லை. அதைப் படித்துத் தேறிய அணுதான் உயிரோடு வெளியே வரும். வகுப்பில் இதைக் கேட்டபோது எவ்வளவு அழகு என்று மெய்மறந்து எழுதிக்கொண்டாள். ஒரு அழகும் இல்லை.

மறுபடி போன். திரையில் ஜெனோவாவின் படம், வாயில் ஐஸ்குச்சி. எடுக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். "எட்டி மங்கை, அங்க கெடந்து என்ன செய்யுத? மத்தியானம் சோறும் தின்னல்ல. கேண்டீன்ல நிக்கேன், பழம்பொரி சூடா போடுதாவ, கொண்டு வரட்டா?" "வேணாம்டி. வேலை இருக்கு." "என்னத்த வேல? ரெண்டு குழாய ஓட்டுததுக்கு இவ்வளவு நேரமா? மெஷினு மக்கர் பண்ணுதா?" "ஆமா. மெஷின்தான்." "நான் வாறேன் இரு." "வராத." சொன்ன வேகம் மங்கைக்கே பயமாக இருந்தது. "என்னட்டி, குரலு ஒரு மாதிரி இருக்கு? அழுதியா? மேடம் ஏசினாளா?" "இல்லடி. தூக்கம். நீ டீ குடிச்சிட்டு மெதுவா வா." "சாயா குடிச்சாச்சு. செத்த நேரம் உக்காந்துட்டு வாறேன், கால் ரெண்டும் ஒரே வலி, படியில எறங்கவே முடியல கேட்டியா." கால் வலி. எலும்பு வலி. மங்கையின் மனசு அதையும் எடுத்து அடுக்கில் வைத்தது. வைக்காதே என்றாள். வைத்துவிட்டது. கேட்கலாமே, ஜெனோ, காலையில குழாயை யார் ஸ்டாண்டில் வச்சது, எந்தப் பக்கம் வச்சே என்று. சாதாரணமாகக் கேட்டால் சாதாரணமாகச் சொல்லிவிடுவாள். வாய்வரை வந்தது. கேட்டால் ஏன் என்பாள், அவளும் இதே படிப்புதான் படித்திருக்கிறாள், அரை வாக்கியத்தில் பிடித்துவிடுவாள். "சரிடி" என்று வைத்துவிட்டாள். போனை மேஜையில் குப்புற வைத்தாள்.

டைமர் கத்தியது. எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். இழுப்பறையைத் திறக்காமலே இருந்துவிட்டால்? உள்ளே இருப்பது இன்னும் இரண்டும்தான், நல்லதும் கெட்டதும். கொட்டிவிட்டுக் கையைக் கழுவி விளக்கை அணைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமல் அந்த மூலையில் புள்ளிகள் மட்டும் பெருகிக்கொண்டிருக்கும், இரண்டு கட்டில்களில் ஏதோ ஒன்றில். கை தானாகப் போய்க் குழாயை எடுத்தது. வருஷக்கணக்கில் பழகிய கை, மனசைக் கேட்பதில்லை. சிவப்பணுவை உடைக்கும் திரவத்தை ஊற்றினாள், கலங்கலாக இருந்த சிவப்பு மெல்ல மெல்லத் தெளிந்து கண்ணாடி மாதிரி ஆகிறவரை காத்திருந்தாள். தெளிந்துவிட்டது. அணுக்கள் அடியில் படியச் சுழலியில் வைத்துச் சுற்றினாள். சுழலி நிற்கும்போது எப்போதும் ஒரு முனகல் சத்தம் போடும், இன்றைக்கு அது நிற்பேனா என்று அடம் பிடித்தது. அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான் அவள். கழுவினாள். மறுபடி சுற்றினாள். எழுதினாளா? குழாயில் எண் எழுதினாளா? எழுதவில்லை. சிரிப்பு வந்தது. எழுத வேண்டியதில்லை, உலகத்தில் இப்போது ஒரே குழாய்தான், ஒரே விரல்தான், இதில் தப்பு நடக்க வழியில்லை. தப்பே நடக்க வழியில்லாத ஒன்றைச் செய்துவிட்டோம் என்று நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது. குழாயை மெஷினில் மாட்டினாள். ஊசி கீழே இறங்கி உறிஞ்சியது. கண்ணை மூடிக்கொண்டாள். நானா இருந்தா நானாவே இருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள், நினைத்ததும் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை கண்ணைத் திறப்பதற்குள் போய்விட்டது. நானா இருக்கக் கூடாது, நானா இருக்கக் கூடாது, நானா இருக்கக் கூடாது.

திறந்தாள். மேலே பெரிய கூட்டம் வந்துவிட்டது. நடுவில் வந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் கீழே அடர்ந்துகொண்டே போயிற்று. இடப்பக்கம் கீழே ஒன்றுமில்லை. இன்னும் வரும், கொஞ்சம் பொறு. ஆயிரக்கணக்கில் புள்ளிகள் விழுந்தன, எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தன. மூலையில் ஒரு புள்ளி. முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஒன்றே ஒன்று, தூசி. வேறு வரவில்லை. இன்னும் ஓடவிட்டாள். குழாய் காலியாகும்வரை ஓடவிட்டாள். மூலை காலியாகவே இருந்தது. நான் இல்லை. வாய்விட்டுச் சொன்னாள், "நான் இல்ல." அப்புறம் அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது. நாற்காலி சக்கரத்தில் பின்னால் போய்ச் சுவரில் மோதியது, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள், விரலிடுக்கில் கண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்பா கம்பத்திலேயே இருக்கலாம். பின்னல் பின்னலாகவே இருக்கும். தொடையில் பச்சைத் தடம் வெறும் தடம், கட்டிலில் இடித்துக்கொண்டதாக இருக்கும், உடம்பு முழுக்க எவ்வளவு லேசாக, எவ்வளவு சொந்தமாக இருந்தது. பசித்தது. பயங்கரமாகப் பசித்தது. இவ்வளவு சந்தோஷமாக அவள் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட இருந்ததில்லை. கதவு திறந்தது. ஜெனோவா நின்றாள், கையில் எண்ணெய் ஊறிய ஒரு காகிதப் பொட்டலம், படி இறங்கிய களைப்பில் மூச்சு வாங்கியது. மங்கையின் முகத்தைப் பார்த்ததும் அவள் முகமும் மலர்ந்தது. "எட்டி, என்ன இப்பிடிச் சிரிக்கிய! அழுதியோன்னு பயந்து ஓடி வந்தேன். சரியாயிட்டா?" பதிலுக்குக் காத்திராமல் அவளும் சிரித்தாள், தோழி சிரிக்கிறாள் என்பது போதும் அவளுக்கு. மங்கை வாயை மூடப் பார்த்தாள். கன்னம் கேட்கவில்லை. உள்ளே எல்லாம் அணைந்துவிட்டது, ஆனால் முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே நின்றது. ஜெனோவா பொட்டலத்தை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, மங்கையின் தோளில் கையை ஊன்றித் திரைக்குக் குனிந்தாள். அந்தக் கை சுட்டது. "இது யாருது, உனக்கதா? கொள்ளாமே, மூல நல்ல சுத்தமா இருக்கு." மவுஸைப் பிடித்து அடுத்த படத்தைத் தேடினாள். "எனக்கது எங்கட்டி?"